மூளை இழந்த கதை: ஒரு விஞ்ஞானத் தொலைக்காட்சி நாடகத்தின் தோல்வி

மெய்ப்பாடுகள் எட்டெனத் தொல்காப்பியர் வகுத்தனர். அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டில் செழித்து வளர்ந்த விஞ்ஞானக் கற்பனைக் கதைக்கு இம் மருட்கையே உயிர் எனலாம். இதுவரை எவரும் காணாத ஒன்றைக் காட்டி, "இது நிகழுமாயின் மனிதன் யாதாவான்?" என்று கற்போனை எண்ணச் செய்வது அக் கதையின் தொழில். எண்ணச் செய்ய வேண்டிய இடத்தில் அது நகைக்கச் செய்யுமாயின், அந் நகையும் ஆசிரியன் கருதாத நகையாயின், அக் கதை தன் தொழிலிற் தவறியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. நகைக்கு நிலைக்களனாக அதே ஆசிரியர் கூறிய நான்கினுள் பேதைமையும் மடனும் அடங்கும் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இவ்வாறு மருட்கையை நாடிப் புறப்பட்டு நகையிற் சென்று முடிந்த ஒரு நாடகமே இக் கட்டுரையின் பொருள். அமெரிக்க நாட்டில் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி தொடங்கி 1969 யூன் 3ஆம் திகதி முடிவுற்றது. ஜீன் ரொடன்பெரி என்பார் அதனைத் தோற்றுவித்தார். மூன்று பருவங்களில் எழுபத்தொன்பது நாடகங்கள் ஒளிபரப்பாயின. அவற்றுள் மூன்றாம் பருவத்தின் முதல் நாடகமாக 1968 செப்டெம்பர் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு வெளிவந்தது 'ஸ்பொக்கின் மூளை' என்பது. இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலேயே தொடங்கியதாதலின், இந் நாட்டார் இதனை அது வெளிவந்த காலத்திற் கண்டிருத்தல் இயலாது. எனினும் அத் தொடர் பின்னர் உலகெங்கும் பரவியது. இன்று அதனை விரும்புவோர் யாவரும் எளிதிற் காணலாம். அவ்வாறு காண்போர் இந்த நாடகத்தை மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்றாக எண்ணுதல் வழக்கமாகிவிட்டது. அவ்வெண்ணம் சரியானதே. ஆயின், அது தாழ்ந்ததற்குச் சொல்லப்படுங் காரணங்கள் பெரும்பாலும் மேலோட்டமானவை. உண்மைக் குறை யாதென ஆராய்தல் பயனுடைத்து.

முதலிற் கதையைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலம் விண்வெளியிற் செல்லும்போது வேற்றுக்கலம் ஒன்று எதிர்ப்படுகின்றது. அதிலிருந்து தோன்றும் காரா என்னும் பெண் தன் கையிலணிந்த கருவியொன்றினால் கலத்திலுள்ளோர் அனைவரையும் மயங்கி விழச் செய்கின்றாள். அவர்கள் தெளிந்தெழும்போது, கலத்தின் விஞ்ஞான அதிகாரியாகிய ஸ்பொக் மருத்துவ அறையிற் கிடக்கின்றான். அவன் தலையில் மூளை இல்லை. வைத்தியர் மக்கோய் பொறிகளின் துணையால் அவனுடலில் உயிரை நிறுத்தி வைக்கின்றார். 24 மணி நேரத்துள் மூளையைக் கண்டுபிடித்து மீட்டல் வேண்டும். தலைவன் கேர்க் வேற்றுக்கலத்தின் தடத்தைப் பின்பற்றி, சிக்மா டிராகோனிஸ் என்னும் விண்மீனைச் சுற்றும் பனிமூடிய கோளொன்றை அடைகின்றான். அக் கோளின் மேற்பரப்பில் ஆடவர் காட்டுமாந்தராய் அலைகின்றனர். நிலத்தின்கீழ் மகளிர் குளிரின்றிச் சுகமாய் வாழ்கின்றனர். ஆனால், அம் மகளிரின் அறிவோ குழந்தையறிவு. அவர்களின் நகரை இயக்குவது ஒரு மூளை. பழைய மூளை தேய்ந்தொழிந்தமையால் ஸ்பொக்கின் மூளையை அதனிடத்தில் வைத்தனர். 'ஆசான்' எனப்படும் தலையணிக் கருவியைச் சூடினால் முன்னோரின் அறிவு முழுவதும் சில மணி நேரத்துக்கு மட்டும் கிட்டும். காரா அவ்வாறு அறிவு பெற்றே மூளையைக் கவர்ந்தாள். இறுதியில் மக்கோய் அக் கருவியைச் சூடி, மூளையை மீண்டும் ஸ்பொக்கின் தலையிற் பொருத்துகின்றார். அறிவு பாதியில் மங்கவே, பேசுந் திறன் மீளப்பெற்ற ஸ்பொக்கே மிகுதி வேலைக்கு வழிகாட்டுகின்றான். யாவரும் நகைக்கக் கதை முடிகின்றது.

இக் கதையை இழித்துரைப்போர் முதலிற் சுட்டுவன விஞ்ஞான வழுக்கள். அவை உளவென்பது மெய்யே. குருதி நின்ற சில நிமிடங்களுக்குள் மூளையின் உயிரணுக்கள் அழியத் தொடங்கும். பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளையும், முண்ணாணின் எண்ணற்ற நரம்பிழைகளையும் அறுத்து மீண்டும் இணைத்தல் இன்றும் எந்த வைத்தியருக்கும் இயலாத செயல். நாடகத்திலோ அறுவைச் சிகிச்சை முடிந்தவுடன் ஸ்பொக் ஒரு முடியும் குலையாத தலையுடன் எழுந்து உட்காருகின்றான். இதைக் கண்டோர் சிரித்தல் இயல்பே.

மற்றொரு வழு இதனினும் நுண்ணிது. வேற்றுக்கலம் அயன் விசையால் இயங்குவதைக் கண்டு பொறியியலாளன் ஸ்கொட் வியக்கின்றான். அத்தகைய கலத்தை ஆக்கியோரிடம் தாம் கற்கவேண்டியவை உள எனவும் கருதுகின்றான். ஒளியினும் விரைந்து செல்லும் கலத்தில் வாழும் ஒருவன் இவ்வாறு வியத்தல் பொருந்துமா? அயன் பொறி அக்காலத்திலேயே அமெரிக்கரால் விண்வெளியிற் சோதிக்கப்பட்ட ஒன்று. 1964 யூலை 20ஆம் திகதி ஏவப்பட்ட சோதனைக் கலத்தில் அத்தகைய பொறி அரைமணி நேரத்துக்குச் சற்று மேலாக இயங்கியது. 1998ஆம் ஆண்டு ஏவப்பட்ட 'டீப் ஸ்பேஸ் 1' அயன் பொறியையே முதன்மை விசையாகக் கொண்டு சென்றது. அப் பொறியின் உந்துதல், உள்ளங்கையில் வைத்த ஒரு தாளின் பாரமளவினதே. நெடுங்காலம் இடையறாது உந்துதலே அதன் சிறப்பு. விரைவில் வந்து கவர்ந்து விரைவில் மறைதல் அதன் இயல்பன்று. பெயர் புதுமையாக ஒலித்தது என்பதற்காக நாடகாசிரியர் அதனைக் கையாண்டார் போலும். புதுமைப் பெயர் வேறு, புதுமை வேறு.

ஆயினும் விஞ்ஞான வழுக்களை மாத்திரம் எண்ணி ஒரு கற்பனைக் கதையைத் தள்ளுதல் முறையன்று. எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'கால இயந்திரம்' எந்த அறிவியல் விதியாலும் நிறுவப்படாத பொறியொன்றைக் கொண்டே நடக்கின்றது. அதனால் அந்நூலின் பெருமை குன்றவில்லை. கற்போன் ஓர் இயலாமையை ஒப்புக்கொள்ள இசைவான். அவ்வாறு இசைந்தமைக்குக் கைம்மாறாக, அவ்வியலாமையிலிருந்து பிறக்கும் மெய்ப்பொருளை ஆசிரியன் அவனுக்குக் காட்டுதல் வேண்டும். அக் கைம்மாறு கிட்டாதபோதே கற்போன் திரும்பி வழுக்களை எண்ணத் தொடங்குகின்றான். ஆதலின், 'ஸ்பொக்கின் மூளை' நாடகத்தில் வழுக்கள் கண்ணை உறுத்துவது ஏன் எனின், அவற்றை மறக்கச் செய்யும் பொருள் அங்கு இல்லாமையே.

அப்பொருள் ஆசிரியருக்குக் கிட்டாத பொருளன்று. அவர் வாயிலிலேயே வந்து நின்ற பொருள். 1967 டிசெம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரில் கிறிஸ்ரியான் பார்னாட் என்னும் வைத்தியர் ஒரு மனிதரின் இருதயத்தை மற்றொரு மனிதரின் உடலிற் பொருத்தினார். அவ்வாறு இருதயம் பெற்றவர் பதினெட்டு நாள் வாழ்ந்தார். உலகம் வியந்தது, அதனோடு ஒரு வினாவும் எழுந்தது. துடிக்கும் இருதயத்தை ஒருவரிடமிருந்து எடுப்பதாயின், அவர் இறந்தார் என்று கொள்வது எப்போது? 1968 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஹாவாட் பல்கலைக்கழகக் குழுவொன்று தன் அறிக்கையை வெளியிட்டது. மூளையின் செயல் மீளாதவாறு ஒழிந்தமையையே மரணமாகக் கொள்ளலாம் என்னும் கருத்தை அது முன்வைத்தது. இவ்வறிக்கை வெளிவந்து ஏழு வாரம் நிறையுமுன் ஒளிபரப்பானது இந் நாடகம். உயிர் நிற்கும் இடம் இருதயமா, மூளையா என்று அறிஞர் ஆராய்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், மூளையற்ற உடலொன்றும் உடலற்ற மூளையொன்றும் பார்ப்போர் முன் வைக்கப்பட்டன. இதனினும் காலத்துக்கு உகந்த கரு வேறு யாது?

வினாவும் புதியதன்று. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கூறிய கதைகளுள் ஒன்றில், ஒரு பெண் தன் கணவனுடைய தலையையும் உடன்பிறந்தானுடைய தலையையும் உடல்மாற்றிப் பொருத்திவிடுகின்றாள். இருவருள் எவன் கணவன் என்று வேதாளம் வினவ, உறுப்புக்களுள் தலையே தலைமையுடையதாதலின் கணவன் தலையுடையவனே கணவன் என்று அரசன் விடையிறுக்கின்றான். இக் கதையை ஜெர்மனிய நாவலாசிரியர் தோமஸ் மான் 1940ஆம் ஆண்டில் தம் நூலொன்றுக்குக் கருவாகக் கொண்டார். அரசனது விடை சரியா என்பதே அவரது நூல் முழுவதும் ஓடும் ஐயம். சில பக்கங்களுள் அடங்கும் பழங்கதை நூற்றாண்டுகள் கடந்தும் வாழ்வதன் காரணம், அது வினாவை வினாவாகவே எழுப்பி, கேட்போரை ஒரு பக்கம் சாரச் செய்வதாகும்.

பெரியபுராணத்திலே திருமூலநாயனார் வரலாறு இதனினும் உருக்கமானது. மூலன் என்னும் இடையன் இறந்தமையால் அவன் மேய்த்த பசுக்கள் துயருறுவதைக் கண்டு, யோகியார் ஒருவர் இரக்கமுற்று அவனுடலிற் புகுகின்றார். மாலையில் மூலனுடைய மனைவி வந்து அவனை வீட்டுக்கு அழைக்க, தமக்கு அவளுடன் உறவில்லை என அவர் மறுக்கின்றார். கண்முன் நிற்கும் உடல் கணவன் உடல். உள்ளே இருப்பவர் வேறொருவர். அப் பெண்ணின் கலக்கமும், அவள் ஊராரிடம் சென்று முறையிடுதலும் கேட்போர் உள்ளத்தைத் தொடுவன. கூடுவிட்டுக் கூடு பாய்தலை ஒருவர் நம்பினும் நம்பாவிடினும், உடல் இருக்க ஆள் இல்லை என்னும் துன்பத்தை நம்பாதிருத்தல் அரிது.

இவ்வளவில் 'ஸ்பொக்கின் மூளை' நாடகத்துக்குத் திரும்புவோம். மக்கோய் ஸ்பொக்கின் உடலை நடக்கச் செய்யும் கருவியொன்றை அமைத்து, அவ்வுடலைப் பாவைபோல் தம்முடன் அழைத்துச் செல்கின்றார். கருவியின் விசையை அழுத்தினால் உடல் நடக்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். இரண்டு ஆண்டுகள் தம்முடன் வாழ்ந்து, தம் உயிரைப் பன்முறை காத்த தோழனின் வெற்றுடல் இவ்வாறு தம் பக்கத்தில் நடப்பதைக் கேர்க்கும் மக்கோயும் காண்கின்றனர். அவர்கள் முகத்தில் அருவருப்போ அழுகையோ அச்சமோ ஒரு கணமேனும் தோன்றவேண்டுமன்றோ? இழவு அழுகைக்கு நிலைக்களன். ஈண்டு இழவு உண்டு, அழுகை இல்லை. நாடகாசிரியர் அவ்வுடலை ஒரு பொறியாகவே ஆளுகின்றார். காரா அணிவித்த வதைக் கச்சைகளிலிருந்து தோழர் விடுபடுவதற்கு அப் பொறி உதவுகின்றது; அவ்வளவே. மூலனுடைய மனைவிக்கு இருந்த கலக்கத்தில் ஒரு சிறு பங்கேனும் கேர்க்குக்கு இருந்திருப்பின், பார்ப்போர் அக் காட்சியைக் கண்டு நகைத்திரார்.

மூளையின் நிலையும் அதுவே. உடலற்ற ஸ்பொக்கின் குரல் தொடர்புக் கருவி வழியாகக் கேட்கின்றது. நகரத்தின் காற்றும் நீரும் வெம்மையும் அவன் வசத்தில் உள்ளன. நகரமே அவனுக்கு உடலாயிற்று. கண்ணின்றிக் காணுதல், கையின்றிச் செய்தல், ஒரு நாட்டினர் அனைவர்க்கும் மூச்சாயிருத்தல் ஆகிய இவை ஒருவனுக்கு எத்தகைய அனுபவங்களாகும்? வல்கன் இனத்துத் தந்தைக்கும் மனித இனத்துத் தாய்க்கும் பிறந்து, உணர்ச்சியை அடக்கி அறிவையே தன் இயல்பாகக் கொள்ள முயல்பவன் ஸ்பொக். தூய அறிவாய் மட்டும் இருக்கும் நிலை அவனுக்கு ஒரு வகையில் வேட்கைக்குரிய நிலையன்றோ? அந்நிலையை விட்டு மீண்டும் உடலுக்குள் வர அவன் தயங்கியிருப்பின், அத் தயக்கமே நாடகமாகியிருக்கும். ஆசிரியரோ அவ்வினாவை எழுப்பவேயில்லை. ஸ்பொக் தன் புதிய நிலையைப் பற்றி ஓர் இயந்திரத்தின் விவரணம் போலச் சில சொற் சொல்லி அமைகின்றான்.

அதே 1968ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் வெளிவந்த '2001' என்னும் திரைப்படத்தை இதனோடு ஒப்பிடுக. 1956 முதல் இலங்கையிற் குடியேறி 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்குடன் சேர்ந்து அதன் கதையை அமைத்தார். அதிலும் ஒரு கலத்தை இயக்கும் அறிவுப்பொறி உண்டு. அப் பொறியின் நினைவுத் தொகுதிகளை ஒருவன் ஒன்றொன்றாகக் கழற்ற, அது தன் மனம் தேய்வதைத் தானே உணர்ந்து உரைக்கின்றது. உலோகத்தாலாய ஒன்றுக்காகப் பார்ப்போர் இரங்குகின்றனர். ஸ்பொக்கின் நாடகத்திலோ, உயிருள்ள ஒருவன் பொருட்டு அவ்விரக்கம் பிறப்பதில்லை. ஒன்று பொறியை ஆளாக்கியது. மற்றொன்று ஆளைப் பொறியாக்கியது.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. அது அறத்தைப் பற்றியது. பழைய மூளை நகரை இயக்கி ஒழிந்தது. புதிய மூளை இல்லையேல் நிலத்தின்கீழ் வாழ்வோர்க்குக் காற்றும் வெம்மையும் இல்லை. காரா தன் மக்களின் வாழ்வுக்காகவே மூளையைக் கவர்ந்தாள். ஒருவன் உயிரா, ஓர் இனத்தின் வாழ்வா என்னும் இக்கட்டு இங்கே தானாக அமைந்துள்ளது. ஆசான் கருவியைச் சூடிய பின் காரா அச்சமின்றி, தெளிந்த சொற்களால் தன் மக்களுக்காக வாதிடும் ஒரு சிறு பகுதியே நாடகம் முழுவதிலும் உயிருள்ள பகுதி. அவ்வேடந் தாங்கிய மார்ஜ் டூசே அச் சில நிமிடங்களில் தம் குரலையும் நிலையையும் மாற்றிக் காட்டியமை பாராட்டத் தக்கது. ஆயின், அவ்வாதத்துக்கு விடை யாது? ஸ்கொட் மயங்கி விழுவதுபோல் நடிக்க, கேர்க் அவள் கையிலுள்ள துப்பாக்கியைப் பறிக்கின்றான். வாதத்துக்கு வாதம் விடையாகவில்லை, சூழ்ச்சி விடையாயிற்று. பின்பு, மகளிர் மேலே வந்து ஆடவருடன் கூடி வாழக் கற்றுக்கொள்ளல் வேண்டும் எனச் சில சொற்களால் அவன் அறிவுரை கூறுகின்றான். பனிக்கோளின் மேற்பரப்பில், தம் கையால் ஒன்றுஞ் செய்தறியாத மாந்தர் எவ்வாறு வாழ்வர், எத்தனைபேர் மாள்வர் என்பது குறித்து நாடகம் கவலைகொள்ளவில்லை.

மகளிரைக் காட்டிய முறையும் கண்டிக்கத் தக்கதே. ஆட்சி மகளிர் கையில். அறிவோ அவர்களிடம் இல்லை. மூளை என்றால் யாதென்றே அவர்கள் அறியார். நிலத்தின்கீழ் நாகரிகமும் மேலே காட்டுமாந்தரும் என்னும் அமைப்பு வெல்ஸின் கதையை நினைவூட்டுகின்றது. ஆடவர்க்கு இட்ட 'மோர்க்' என்னும் பெயரும் அவரது 'மோர்லொக்' என்பதனை ஒத்து ஒலிக்கின்றது. ஆயின், வெல்ஸ் தம் காலத்துச் செல்வருக்கும் தொழிலாளருக்கும் இடையே இருந்த பிளவை நீட்டிப் பார்த்து அவ்விரு இனங்களையும் படைத்தனர். ஈ. எம். ஃபோஸ்ரர் 1909இல் எழுதிய 'இயந்திரம் நின்றது' என்னும் சிறுகதை, யாவற்றையும் பொறியிடம் ஒப்புவித்து நிலத்தின்கீழ் வாழும் மனிதர் எவ்வாறு தம் ஆற்றலை இழக்கின்றனர் என்பதைப் படிப்படியாகக் காட்டுகின்றது. அறிவைப் பொறியிடம் ஒப்புவித்தமையால் அறிவிழந்தனர் என்னும் அதே கருத்து இந் நாடகத்திலும் உள்ளது. அக் கருத்தை ஆசிரியர் பற்றியிருப்பின், பேதைமை மனிதர் அனைவர்க்கும் எச்சரிக்கையாய் நின்றிருக்கும். பெண்களிடம் மட்டும் அதை ஏற்றியமையால் எச்சரிக்கை ஏளனமாயிற்று.

குறையெல்லாம் பணக்குறையே என்று சிலர் சமாதானங் கூறுவர். மூன்றாம் பருவத்தில் தொடருக்கு ஒதுக்கப்பட்ட பணம் குறைந்தது மெய். ரொடன்பெரி அன்றாட மேற்பார்வையிலிருந்து விலகினார். ஃபிரெட் ஃபிரைபேர்கர் தயாரிப்பாளரானார். பார்ப்போர் அருகிய பின்னிரவு நேரம் ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் இடையூறுகளே. ஆயின், இதற்கு அடுத்த வாரமே, 1968 செப்டெம்பர் 27ஆம் திகதி, அதே தொடரில் டி. சி. ஃபொன்ரானா எழுதிய 'எண்டர்பிரைஸ் நிகழ்ச்சி' வெளிவந்தது. அதில் பகைநாட்டுப் படைத்தலைவியாகத் தோன்றும் பெண், அறிவிலும் பெருமிதத்திலும் ஸ்பொக்குக்கு நிகரானவள். அவள் ஏமாற்றப்படும்போது வென்றவர் பக்கமும் ஒரு வடு எஞ்சுகின்றது. அதே பருவம், அதே பணம், அதே நடிகர். வேறுபட்டது எழுத்து ஒன்றே.

எழுதியவர் திறனற்றவர் என்று கொள்ளவும் இடமில்லை. லீ குரோனின் என்னும் புனைபெயரில் இதனை எழுதியவர் ஜீன் எல். கூன். முதற் பருவத்திலும் இரண்டாம் பருவத்தின் ஒரு பகுதியிலும் தயாரிப்பாளராயிருந்து அத் தொடரை உருவாக்கியோருள் முக்கியமானவர் அவர். 1967 மார்ச் 9ஆம் திகதி வெளிவந்த அவரது 'இருளிற் பூதம்' என்னும் நாடகத்தில், சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் கல்லுருவான பிராணியொன்று வருகின்றது. அப் பிராணி தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்பது ஸ்பொக் அதன் மனத்தோடு தன் மனத்தை இணைக்கும்போது வெளியாகின்றது. அச்சம் இரக்கமாக மாறுகின்றது. இரு திறத்தார்க்கும் வாழ வழி கிட்டுகின்றது. அந் நாடகத்தின் பூதமும் தரையில் ஊரும் ஒரு போர்வையென்றே சொல்லத்தக்க எளிய வேடந்தான். ஆயினும் எவரும் நகைப்பதில்லை. தாய்க்கு அன்று செவிசாய்த்த அதே ஆசிரியர், தன் மக்களுக்காகப் பேசிய காராவுக்குச் செவிசாய்க்காதது வியப்பே.

இந் நாடகத்தை அங்கதமாகவே கொள்ளல் வேண்டும், கூன் நகைப்புக்காகவே இதனை எழுதினார் என்று வாதிப்போரும் உளர். அவ்வாறாயின் நாடகம் தன்னைத் தானே எள்ளும் குறிப்பு எங்கேனும் வெளிப்படல் வேண்டும். எள்ளலுக்கு எள்ளுபவன் அறிவு விழித்திருத்தல் இன்றியமையாதது. இங்கே நடிகர் யாவரும் மெய்யாகவே துடிப்பவர்போல் நடிக்கின்றனர். இசையும் நெருக்கடியையே உணர்த்துகின்றது. மார்க் டானியல்ஸின் இயக்கமும் அவ்வழியே செல்கின்றது. இறுதிக் காட்சி ஒன்றே நகைச்சுவையை நாடுவது. ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோய், 1975இல் வெளியிட்ட தம் நூலில், இந் நாடகம் படமாக்கப்பட்ட நாட்களில் தாம் நாணமுற்றதாக எழுதினார். அங்கதம் என்று அறிந்து நடித்தவர் நாணமுறக் காரணமில்லை.

நல்லதொரு காட்சியைச் சுட்டாது விடுதல் நேர்மையாகாது. மக்கோய் ஆசான் கருவியைச் சூடிய பின், இதுவரை தமக்கு மலையாகத் தோன்றிய அறுவைச் சிகிச்சை குழந்தை விளையாட்டுப்போல எளிதாகின்றது. அவர் கைகள் விரைகின்றன. பின்பு, வேலை முடியுமுன்னே அவ்வறிவு அவரை விட்டு நழுவத் தொடங்குகின்றது. சற்றுமுன் அறிந்திருந்ததை இப்போது அறியேன் என்பதை அறியும் ஒரு வைத்தியன், திறந்து கிடக்கும் தோழனின் தலைமுன் நிற்கின்றான். டிஃபோரஸ்ட் கெலியின் முகத்தில் ஒரு கணம் தோன்றும் திகைப்பு, இந் நாடகம் ஆகியிருக்கக் கூடியது யாது என்பதைக் காட்டிவிடுகின்றது. கற்காமற் பெற்ற கல்வி நில்லாது என்னும் உண்மையும் அதில் அடங்கியுள்ளது. ஆனால், அடுத்த கணமே ஸ்பொக்கின் வாய் பேசத் தொடங்க, திகைப்பு கேலியாகின்றது. அவனுக்கு வாயை மீட்டுக் கொடுத்தது தவறு என்று மக்கோய் நொந்துகொள்ள, யாவரும் சிரிக்கின்றனர். இழக்கவிருந்த தோழன் மீண்டுவந்த மகிழ்ச்சியும் உவகையாக நிலைபெறாது, கேலியிற் கரைகின்றது.

இந் நாடகம் ஏமாற்றமளித்தது என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. இரண்டாம் பருவத்தோடு இத் தொடர் நிறுத்தப்படும் என்னும் செய்தி பரவியபோது, பார்ப்போர் ஆயிரக்கணக்கான கடிதங்களை எழுதினர். அதன் பயனாக, தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச் 1ஆம் திகதி ஒளிபரப்பு நிறுவனமே அறிவித்தது. அக் கடிதங்களை எழுதியோர் ஆறு மாதங்களுக்கு மேலாகக் காத்திருந்தனர். அவர்கள் வேண்டியது பொன்னாலாய அரங்கன்று; மனிதனையும் அவன் அறிவையும் பற்றித் தம்மோடு சமமாகப் பேசும் ஒரு கதை. அவர்களுக்கு முதலிற் கிட்டியது இது. பார்ப்போனை அறிவுடையவன் என்று மதித்து எழுதப்பட்ட தொடர் அம்மதிப்பை ஒருநாள் கைவிட்டது என்பதே அன்றைய ஏமாற்றத்தின் உட்பொருள். ஏழு மாதம் கழித்து, 1969 ஏப்ரிலுக்குள், பருவத்தின் நாடகங்கள் பெரும்பாலும் முடிந்தன; யூன் மாதத்தோடு தொடரே முடிந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, 'ஸ்பொக்கின் மூளை' தாழ்ந்தமைக்குக் காரணம் அதன் கரு நம்பத்தகாததாய் இருந்தமையன்று. தலைமாறிய கணவனையும் உடல்மாறிய யோகியையும் நம்பிக் கேட்ட உலகம் மூளை மாறியவனையும் நம்பிக் கேட்டிருக்கும். கருவை எடுத்தவர், அக் கருவினுள் இருந்த இழப்பையும் ஐயத்தையும் அறச்சிக்கலையும் தொடாது, ஓட்டமும் தேடலும் கேலியுமாகக் கதையை நிரப்பினர். ஆள் என்பவன் யார் என்ற வினா நாடகத்தின் நடுவிலேயே கிடந்தது. அதனைக் குனிந்து எடுப்பார் இல்லை. காணாத உலகங்களைக் காட்ட முனையும் எழுத்தாளன், அங்கே துன்புறுபவன் யார், அவன் துன்பம் எத்தகையது என்பதை முதலில் தான் உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு உள்ளவிடத்து அட்டையாலாய மலையும் மலையாகும். இல்லாதவிடத்து விண்மீனும் வெறும் விளக்காகும்.